இன்ஸ்பெக்டருக்குச் சொன்ன பதில்: ஆர்.கே. நாராயணின் சுவாமியும் அவனது இரவல் லட்சியங்களும்

ஆர்.கே. நாராயணின் 'எ ஹீரோ' என்ற சிறுகதையில் சிறுவன் சுவாமி அப்பாவின் கட்டாயத்தால் ஓர் இரவு தனியாகப் படுக்கிறான். இருட்டில் பயந்துபோய், அருகே வந்த உருவம் ஒன்றின் காலைக் கடித்து விடுகிறான். மாட்டிக்கொண்டவன் போலீஸ் தேடிக்கொண்டிருந்த திருடன். மறுநாள் பள்ளிக்கூடமே சுவாமியைக் கொண்டாடுகிறது. பெரியவனானதும் போலீசில் சேரலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். அவர் மனம் கோணக் கூடாது என்று சுவாமியும் சரி என்கிறான். ஆனால் என்ஜின் டிரைவர், ரயில்வே கார்டு, பஸ் கண்டக்டர் ஆகிய மூன்றில் ஒன்றாக ஆவது என்று அவன் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறான். அன்று இரவே பழையபடி பாட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

இந்த இடத்தை நகைச்சுவைக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். நகைச்சுவைதான். ஆனால் நாராயண் இங்கே ஒரு சிறுவனின் லட்சியத்தைப் பற்றி மிகச் சரியான ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார். நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளையிடம் எப்போதும் இரண்டு பதில்கள் இருக்கும். ஒன்று கேட்கும் பெரியவருக்காக; வீட்டுக்கு வரும் விருந்தினர் முன்னால் டாக்டர், கலெக்டர் என்று நம் பிள்ளைகள் சொல்வது இந்த வகை. மற்றது அவன் தனக்குள் வைத்திருப்பது. இந்த இரண்டாவது பதிலை வருங்காலத் திட்டமாக எடுத்துக்கொண்டால் வாசிப்பு பிழைபட்டுவிடும். ரயில் ஓட்டுபவனுக்கு வீட்டுப்பாடம் இல்லை, அவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்த யாரும் இல்லை. அவன் விசில் ஊதினால் எல்லாம் நகர்கிறது. இன்றைக்குப் பள்ளியில் கிடைக்காத ஒன்றை அவன் அங்கே எடுத்துக்கொள்கிறான். நாராயணின் முதல் நாவலான 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' இந்த இரண்டாவது பதிலைப் பற்றிய நாவல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்தப் பதில்கள் எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு தூரம் தாங்கும், உடையும்போது என்ன இழப்பு என்ற மூன்றையும் அது பார்க்கிறது.

நாவலின் பின்னணி

நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர். சிறுவயதில் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். அங்கே ஒரு லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த அனுபவத்தைத் தன் சுயசரிதையான 'மை டேஸ்' (1974) நூலில் எழுதியிருக்கிறார். நாவலில் வரும் ஆல்பர்ட் மிஷன் பள்ளியும், இந்து தெய்வங்களைப் பழித்துப் பேசும் எபனேசர் என்ற வேதபாட ஆசிரியரும் அந்த அனுபவத்தின் சாயல் கொண்டவர்கள். பாட்டி பார்த்துச் சொன்ன ஒரு நல்ல நாளில் பெங்களூரில் எழுதத் தொடங்கிய நாவல் இது. பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் கிட் பூர்ணா வழியாகக் கையெழுத்துப் பிரதி கிரகாம் கிரீனின் கைக்குப் போனது. கிரீனின் பரிந்துரையில் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் 1935இல் வெளியிட்டது. 

நாராயண் முதலில் வைத்திருந்த தலைப்பு 'ஸ்வாமி, த டேட்'. கிரீன் அதை மாற்றச் சொன்னார். விற்பனைக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் புதிய தலைப்பு நாவலைக் குழந்தைப் பருவ நட்பைப் பற்றிய இனிய நினைவாகப் படிக்கும் பழக்கத்துக்கும் வழி செய்தது. 1980களில் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடர் அந்தப் பழக்கத்தை உறுதி செய்தது. பழைய தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நாவலின் மையம் இடம் மாறுவதைக் காணலாம். டேட் என்பது ஒரு பட்டப்பெயர். ஒரு சிறுவன் தன்னை வேறொருவனாகக் கற்பனை செய்துகொண்ட கதைக்குத்தான் நாராயண் பெயர் வைத்திருந்தார்.

அரிச்சந்திரனும் புலியும்

சுவாமிநாதன் முதல் ஃபாரம் படிக்கிறான். இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு. அவனுக்குக் கதை சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. பாட்டியிடம் போய் அவன் தன் புது நண்பன் ராஜத்தைப் பற்றிப் பெருமையடிக்கிறான். ராஜத்தின் அப்பா போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட். ராஜம் வெள்ளைக்காரனைப் போல் இங்கிலீஷ் பேசுகிறான். வகுப்பில் சங்கரையே மிரள வைக்கும் மதிப்பெண் வாங்குகிறான். பாட்டி இதைக் கேட்டுவிட்டு, தாத்தா காலத்துப் பெருமையையும் அரிச்சந்திரன் கதையையும் எடுத்து விடுகிறாள். சத்தியத்துக்காக நாட்டையும் மனைவி மக்களையும் இழந்தவன் கதை. சுவாமி பொறுமையிழந்து, ராஜம் காட்டில் புலியைச் சுட்ட கதையைச் சொல்லத் தொடங்குகிறான். சொல்லி முடிப்பதற்குள் பாட்டி தூங்கிவிடுகிறாள்.

சின்னக் காட்சி. ஆனால் நாவலின் அடித்தளம் இங்கே இருக்கிறது. ஒரே கட்டிலில் இரண்டு கதைகள் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. அரிச்சந்திரன் கதை சுவாமியின் சொந்த மொழியில், அவனுக்கு நன்றாகப் புரியும்படி, பிரியமான குரலில் வருகிறது. அது அவனுக்கு வேண்டாம். இழப்பைச் சகித்துக்கொள்ளச் சொல்லும் கதையை வைத்து நாளைக் காலை கணக்கு வாத்தியார் வேதநாயகத்தை எப்படிச் சமாளிப்பது? ராஜத்தின் புலிக்கதையில் துப்பாக்கி இருக்கிறது. குறி வைத்தால் புலி விழுகிறது. கதையின் உண்மையைப் பற்றிச் சுவாமிக்குக் கவலையே இல்லை. வாசகருக்குத்தான் சந்தேகம் வரும்.

பிள்ளைகளுக்குப் பிடித்த கதை எது என்று பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தவற விடுகிறார்கள். பிடித்த கதை என்பது நல்ல கதை என்ற பொருளில் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. உள்ளே புகுந்து நிற்க இடம் தரும் கதையே பிடித்த கதை. பாட்டியின் கதையில் சுவாமிக்கு இடம் கேட்பவனின் இடம் மட்டுமே. ராஜத்தின் கதையில், அவன் நண்பன் என்ற முறையிலாவது, ஓர் ஓரம் கிடைக்கிறது.

அந்த ஓரத்துக்கு அவன் கொடுக்கும் விலைதான் அடுத்தது. பழைய நண்பர்களான சோமு, சங்கர், 'பட்டாணி' என்ற சாமுவேல் ஆகியோர் அவனுக்கு ராஜத்தின் 'வால்' என்று பெயர் வைத்து, பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் கேலி சுவாமிக்கு முதலில் பிடிபடுவதில்லை. தமிழில் வால் என்றால் சேட்டைக்காரப் பிள்ளை. அதில் கொஞ்சம் செல்லம் உண்டு. சுவாமிக்குக் கிடைத்த வாலில் அந்தச் செல்லம் இல்லை. நாவலின் முதல் பாதியில் அவன் இன்னொருவனின் வால். பிற்பாதியில் அவன் டேட். இரண்டும் பிறர் வைத்த பெயர்கள்தான். இரண்டாவதை அவன் விரும்பி ஏற்றுக்கொள்கிறான் என்பது மட்டுமே வேறுபாடு.

விளையாட்டுப் போலீசும் வண்டிக்காரப் பையனும்

கற்பனை விளையாட்டை அப்பாவித்தனம் என்று புகழ்பவர்கள், கருப்பன் வரும் இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். ராஜம், மணி, சுவாமி மூவரும் டிரங்க் ரோட்டில் பொழுது போகாமல் இருக்கும்போது ஒரு மாட்டு வண்டி வருகிறது. ஓட்டி வருபவன் அவர்கள் வயதை ஒத்த கிராமத்துப் பையன் கருப்பன். தாங்கள் அரசாங்கப் போலீஸ் என்று சொல்லி மூவரும் வண்டியை மறிக்கிறார்கள். பாலம் தாங்காது, போக அனுமதிச் சீட்டு எங்கே என்று மிரட்டுகிறார்கள். பையன் நடுங்கிப் போகிறான்.

மூவருக்கும் அது விளையாட்டு. கருப்பனுக்கு அது விளையாட்டு என்று தெரியாது. ராஜத்தின் உடையும் தோரணையும் பேச்சும் அவனுக்கு உண்மையான அதிகாரமாகவே தெரிகின்றன. உண்மையான போலீசுக்குப் பயந்து பழகியவனிடம்தான் பொய்ப் போலீஸ் செல்லுபடியாகும். சுவாமி ஒரு மாலை நேரத்துக்கு ராஜத்தின் அப்பாவாக ஆகிப் பார்க்கிறான். அதற்கு எதிரே நிற்க ஓர் ஏழைப் பையன் தேவைப்படுகிறான். நாராயண் இதைக் கண்டித்து ஒரு வரி எழுதவில்லை, கருப்பனின் அழுகையைப் பதிவு செய்துவிட்டு நகர்கிறார். இந்த மௌனம் அவருடைய பலம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. கருப்பன் நாவலுக்குள் அந்த ஒரு காட்சியோடு மறைந்துவிடுகிறான், அவனுடைய விளையாட்டு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்க நாவலுக்கு நேரம் இல்லை.

இதே விளையாட்டு இன்னொரு இடத்தில் திருப்பி அடிக்கிறது. வளையம் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சுவாமியிடம் காசு பறித்த குதிரைவண்டிக்காரனைப் பழிவாங்க, அவனுடைய மகனைக் கடத்த ராஜம் திட்டம் போடுகிறான். திட்டம் பம்பரம், பொய்ப் பேச்சு என்று கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்காரர்களின் தெருவில் அந்தப் பையனுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கடத்தப் போனவர்கள் ஓடித் தப்பிக்க வேண்டியதாகிறது. அதிகாரத்தைக் கற்பனை செய்துகொள்வது நடுரோட்டில் தனியாக வருபவனிடம் பலிக்கிறது. அவன் தெருவுக்குள் போனால் பலிப்பதில்லை.

தொப்பியும் டேட்டும்

நாவலில் 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, கைதான பம்பாய் அரசியல் தொண்டர் ஒருவருக்காக, சரயு ஆற்றங்கரையில் கூட்டம் நடக்கிறது. (நாவல் வந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகே அந்தத் தேதிக்கு வேறொரு பொருள் வந்தது. எதேச்சையான ஒற்றுமை.) சுவாமி பேச்சைக் கேட்டு உருகிப்போய் அந்நியத் துணியைப் புறக்கணிப்பதாக உறுதி எடுக்கிறான். தன் தொப்பியையும் நெருப்பில் போடுகிறான். மறுநாள் பள்ளி ஜன்னல்களை உடைத்துவிட்டு, ஆல்பர்ட் மிஷனை விட்டே போகும்படி ஆகிறது. அன்று கூட்டத்தின் மேல் தடியடி நடத்தச் சொன்னவர் ராஜத்தின் அப்பா.

சில அத்தியாயங்கள் தள்ளி, கோபம் தணிந்த ராஜம் கிரிக்கெட் குழு தொடங்கலாம் என்கிறான். பெயர் எம்.சி.சி. லண்டனில் அது மேரிலிபோன் கிரிக்கெட் கிளப். இங்கே மால்குடி கிரிக்கெட் கிளப். நன்றாகப் பந்து வீசும் சுவாமிக்கு டேட் என்று பெயர் விழுகிறது. மாரிஸ் டேட் சசெக்ஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளர். 1924-25 ஆஸ்திரேலியத் தொடரில் 38 விக்கெட் எடுத்தவர். 1926-27இல் இந்தியாவுக்கு வந்த எம்.சி.சி. அணியில் அவரும் இருந்தார். ஆகவே அந்தப் பெயர் அன்றைய பள்ளிப் பையன்களின் வாயில் புழங்கியதில் வியப்பில்லை.

அந்நியத் தொப்பியை எரித்த தலையில் அந்நியப் பெயர் வந்து உட்காருகிறது. சுவாமிக்கு இதில் முரண்பாடே தெரிவதில்லை. நாராயணும் சுட்டிக்காட்டுவதில்லை. இதைக் காலனிய மனநிலை என்று ஒரே சொல்லில் மூடிவிடுவது எளிது. ஆனால் சிறுவனின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செயல்தான். தேசத் தொண்டனாக ஆவதும் டேட்டாக ஆவதும் அந்தந்த நாளில் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கக் கிடைத்த வழிகள். முதலாவது அவனை ராஜத்திடமிருந்து பிரித்தது. இரண்டாவது சேர்த்து வைக்கிறது. கிரிக்கெட் லட்சியம் என்பது சமாதான உடன்படிக்கையின் நிபந்தனை. அதனால்தான் பிறகு அந்த ஆட்டத்தைத் தவறவிடுவது அவ்வளவு பெரிய குற்றமாகிறது.

புரியாத கடிதம்

எம்.சி.சி.க்கு மட்டையும் பந்தும் வேண்டும். சென்னை மவுன்ட் ரோட்டில் உள்ள பின்ஸ் கடைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கடையிலிருந்து முன்பணம் கேட்டுப் பதில் வருகிறது. வணிக ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பதில் பையன்களுக்கு விளங்கவில்லை. வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி வந்துவிட்டது என்று முடிவு செய்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

நாவலில் இதுபோல் இன்னொரு சொல்லும் வருகிறது. புதிய பள்ளியான போர்டு ஹைஸ்கூலில் மாலை டிரில் வகுப்பு தாமதமாகவே முடிகிறது, பயிற்சிக்குப் போக முடிவதில்லை. விடுப்புச் சான்று வாங்கச் சுவாமி டாக்டர் கேசவனிடம் போய், தனக்கு 'டெலிரியம்' என்கிறான். பெரிய நோயின் பெயர் போல ஒலிப்பதால் பொறுக்கி வைத்திருந்த சொல். டாக்டர் சிரிக்கிறார், தலைமை ஆசிரியரிடம் பேசுவதாக வாக்களித்துவிட்டு மறந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் மார்க் ட்வைனை நினைக்காமல் இருக்க முடியாது. 1876இல் வந்த 'டாம் சாயர்' நாவலில் டாம் ஒரே மூச்சில் தன் எதிர்காலத்தை மாற்றிக்கொண்டே போகிறான். கோமாளி வேண்டாம், போர்வீரன், அதைவிட செவ்விந்தியர்களோடு சேரலாம், இல்லை, கடற்கொள்ளைக்காரன். ராபின் ஹூட் விளையாடும்போது புத்தகத்தில் இருப்பது போலவே நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். 1884இல் வந்த 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் அவனுடைய கொள்ளைக் கூட்டத்துக்குப் பிணைப்பணம் என்ற சொல்லின் பொருளே தெரியாது. புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே செய்ய வேண்டும்.

டாமும் சுவாமியும் ஒரே வகை. இருவருக்கும் லட்சியம் கதையிலிருந்து வருகிறது, கதையின் பாதிச் சொற்கள் புரிவதில்லை. ஆனால் டாமின் உலகம் அவனுடைய கற்பனைக்கு வளைந்து கொடுக்கிறது. தீவுக்கு ஓடிப்போனவன் தன் இறுதிச் சடங்குக்கே திரும்பி வந்து வீரனாகிறான். புதையல் தேடிப் போனால் புதையல் உண்மையாகவே கிடைக்கிறது, 12,000 டாலருக்கு மேல். நீதிபதி தாட்சர் அவனை ராணுவக் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் அனுப்பலாம் என்று யோசிக்கிறார். விளையாட்டு லட்சியம் பெரியவர்களின் லட்சியத்தோடு கைகுலுக்கிக்கொள்கிறது. (அதற்கு இன்னொருவன் கொடுக்க நேரும் விலையை ட்வைன் பிந்தைய நாவலில் ஜிம்மின் சிறைவாசத்தில் காட்டினார். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

சுவாமிக்கு அப்படி எதுவும் வளைந்து கொடுக்கவில்லை. அவன் சொற்கள் புரியாமல் போனால் மட்டை வராது, சான்றிதழ் கிடைக்காது. தலைமை ஆசிரியர் பிரம்பை எடுக்கும்போது அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறான். டாமைப் போல ஓடிப்போகும் வீரன் ஆகவேண்டிய நேரம். ஆனால் மெம்பிக் காட்டுச் சாலையில் இருட்டியதும் பயமும் பசியும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஒரு வண்டிக்காரன் பாதையில் விழுந்து கிடந்தவனைக் கண்டெடுத்து வனத்துறை அதிகாரியிடம் சேர்க்கிறான். இந்த மீட்பு சற்று வசதியாக அமைந்துவிட்டது என்பது நாவலின் பலவீனம். அதை ஒத்துக்கொண்டாலும், அவன் திரும்பி வருவதற்குள் யங் மென்ஸ் யூனியனோடு நடந்த ஆட்டம் டேட் இல்லாமல் முடிந்து, எம்.சி.சி. தோற்றுவிட்டிருப்பது பலவீனம் இல்லை. தன் இறுதிச் சடங்குக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தவன் டாம். சுவாமி தன் ஆட்டத்துக்கே வந்து சேர முடியாதவன்.

ஆண்டர்சன்

ராஜம் மன்னிக்கவில்லை. அவனுடைய அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல் வருகிறது. அதிகாலையில் ரயில் நிலையத்துக்குச் சுவாமி ஒரு பரிசோடு ஓடுகிறான். ஆண்டர்சனின் தேவதைக் கதைகள், சிறிய அழகான புத்தகம். அப்பா முன்பு சென்னையில் வாங்கித் தந்தது. சுவாமியால் அதை ஒருமுறைகூட ஒழுங்காகப் படிக்க முடிந்ததில்லை. உச்சரிக்க வராத ஆங்கிலச் சொற்கள் அதில் நிறைய.

ஒரு சிறுவன் தனக்குப் பிடித்த கதைப் புத்தகத்தை நண்பனுக்குக் கொடுப்பது இயல்பு. சுவாமி கொடுப்பது தன்னால் படிக்க முடியாத புத்தகத்தை. அவனுக்குப் புரிந்த கதைகள் பாட்டியிடம் இருக்கின்றன; அவற்றைப் பொட்டலம் கட்டி ரயிலடிக்கு எடுத்துப் போக முடியாது, ராஜத்துக்கு அவற்றில் மதிப்பும் இருக்காது. இதை அவன் யோசித்துச் செய்யவில்லை. கையில் இருப்பவற்றில் ராஜத்தின் தகுதிக்கு ஏற்றது எது என்று பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

இங்கே நாராயணின் சொந்த நிலையும் வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன். சுவாமி வீட்டில் பேசுவது தமிழாகத்தான் இருக்க வேண்டும். அவன் கதையை அவர் எழுதியது ஆங்கிலத்தில். ஆண்டர்சனைப் படிக்க முடியாத சுவாமியால் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலையும் படித்திருக்க முடியாது. ஆங்கிலத் துணைப்பாடமாக இந்நாவலைக் கையில் வாங்கி, அருஞ்சொற்பொருள் பார்த்துப் பார்த்துப் பக்கம் திருப்பும் மாணவர்கள் சுவாமிக்கு மிக அருகில் இருக்கிறார்கள். கதைச்சுருக்கமும் பாத்திர வருணனையும் மனப்பாடம் செய்யும் அவசரத்தில் அது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

ரயில் நகர்கிறது. கூட்டத்தில் புத்தகத்தை ராஜத்திடம் சேர்ப்பவன் மணி. சுவாமி முகவரி கேட்கிறான், ராஜம் கடிதம் எழுதுவானா என்று கேட்கிறான். மணி ஏதோ பதில் சொல்கிறான். இதுவரை மணியின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட சுவாமியால், அவன் உண்மை சொல்கிறானா என்பதை அந்த இருட்டில் படிக்க முடியவில்லை.